பொம்மை எஞ்சினும் செங்கோட்டைப் பாதையும்



இப்பகுதியில் மாதந்தோறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எவர் கைப்பட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை ஆராய்ந்து வருகிறோம். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பொம்மை. பொம்மை என்றவுடன் பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இப்பொம்மையின் கதை அலாஸ்காவின் பனிமலையில் தொடங்கி, அமெரிக்காவையும் காசியையும் சுற்றிக்கொண்டு, நம்முள் பலருடைய குடும்பங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இத்திருவனந்தபுரத்திற்கு வந்த வழியான செங்கோட்டைக் கணவாயில் வந்து முடிகிறது.

ஜெர்மனி நாட்டில் லேமான் என்றொரு பொம்மைத் தொழிற்சாலை 1881ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அந்நிறுவனம் நியூரம்பெர்க் நகரிலிருந்து 1968ஆம் ஆண்டில் எல்.ஜி.பி. என்ற பெயரில் பெரிய அளவு மாதிரி ரயில்களை வெளியிடத் தொடங்கிற்று. வீட்டுத் தோட்டத்தில், மழையிலும் வெயிலிலும் ஓடத்தக்க ரயில்கள் அவை. நாளடைவில் உலகெங்குமுள்ள பல ரயில்களின் உருவங்களை அந்நிறுவனம் செய்து விற்றது. அவற்றுள் ஒன்றுதான் டி.எல். 535இ என்னும் டீசல் எஞ்சினின் மாதிரி. அமெரிக்காவின் வடகோடியிலுள்ள அலாஸ்காவில் ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து கனடாவின் வொயிட்ஹார்ஸ் நகரம் வரை மலையேறிச் சென்ற வொயிட் பாஸ் ரயில் பாதையில் ஓடிய எஞ்சின் அது.

அலாஸ்கா எஞ்சினுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு மிக நெருங்கியது. அந்த எஞ்சினும், செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010ஆம் ஆண்டு வரை மலையேறி இறங்கிய நம் ஒய்.டி.எம். 4 எஞ்சினும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் வரைந்தது அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்திலுள்ள ஸ்கெனெக்டடி நகரின் ஆல்கோ நிறுவனம். டி.எல். 535 என்னும் குடும்பப் பெயர் இரண்டிற்கும் பொது. உடல் அமைப்பிலே வேறுபாடு உண்டு; ஆயினும் இரண்டினுள்ளும் ஆறு சிலிண்டர் கொண்ட 251 வகை டீசல் பொறியே இயங்கிற்று. தண்டவாள அகலம் குறைந்த பாதைகளுக்கென அமைந்த குடும்பம் இது. வொயிட் பாஸ் பாதையின் அகலம் 3 அடி. நம் பழைய பாதையின் அகலம் 1 மீட்டர்.

ஒய்.டி.எம். 4 என்ற பெயரை இளைஞர்களுக்காகச் சற்றே விளக்குவோம். இந்திய ரயில்வேயின் வழக்கில் முதலெழுத்து பாதையின் அகலத்தைக் குறிக்கும். டபிள்யூ என்றால் பிராட்கேஜ். ஒய் என்றால் மீட்டர் கேஜ். இஸட் என்றால் அதனினும் குறுகிய பாதை. அடுத்து வரும் டி என்பது டீசல். எம் என்பது பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்க வல்லது என்பதற்கான அடையாளம். இறுதியில் வரும் எண், அவ்வினத்தில் அது எத்தனையாவது வகை என்பதைச் சொல்லும். ஆகவே, மீட்டர் கேஜில் இருவகை வண்டியையும் இழுக்கும் நான்காவது டீசல் வகை என்பதே இப்பெயரின் பொருளாம்.

இனி, டீசல் எஞ்சின் இயங்கும் முறையைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது அன்றோ? காற்றை நெருக்கினால் அது சூடேறும். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்த எளிய உண்மையைப் பற்றிக்கொண்டார். காற்றை மிகக் கடுமையாக நெருக்கி, அவ்வெப்பத்தில் எண்ணெயைத் தெளித்தால், தீப்பொறியின் உதவி இன்றியே எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்று கண்டு, 1897ஆம் ஆண்டில் நன்கு இயங்கும் பொறியைச் செய்து காட்டினார். அவர் 1913ஆம் ஆண்டில் கப்பலில் இங்கிலாந்துக்குச் செல்லும்போது கடலில் மறைந்துபோனார். தம் பெயரால் உலகெங்கும் ரயில்கள் ஓடுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

ஆயினும் ரயில் எஞ்சினில் டீசல் பொறி சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. அது ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. அம்மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டார்களைச் சுழற்றுகிறது. டீசல் எஞ்சின் என்பது தன் மின்சார நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் மின்சார எஞ்சின் என்றே சொல்லலாம். ஒய்.டி.எம். 4 எஞ்சினின் ஆறு அச்சுகளும் இழுப்பவை. அதன் வலிமை ஏறக்குறைய 1,400 குதிரைச்சக்தி; எடை 72 டன்; அச்சொன்றுக்கு 12 டன். எடையை ஆறு அச்சுகளுக்குப் பகிர்ந்து கொடுத்ததனால், பழைய மெல்லிய தண்டவாளங்களுக்கும் பாலங்களுக்கும் ஊறின்றி அதை ஓட்ட முடிந்தது.

இவ்விடத்தில் மாதிரி ரயில் செய்வோர்க்கு ஒரு நயம் இருக்கிறது. நீராவி எஞ்சினின் உருவத்தைச் செய்து உள்ளே மின்மோட்டாரை வைத்தால் அது வேடம். டீசல் எஞ்சினின் மாதிரியிலோ, மூலத்தில் எது சக்கரத்தைச் சுழற்றியதோ அதுவே பொம்மையிலும் சுழற்றுகிறது. மின்சாரம் வரும் வழி ஒன்றே வேறு.

இது நிற்க. ஆல்கோவின் எஞ்சின் இந்தியாவுக்கு வந்த வரலாற்றைக் காண்போம். நாடு விடுதலை பெற்ற பின்னர் நம் ரயில்வேக்குச் சுமை பெருகிற்று; நிலக்கரியை நம்பிய நீராவி எஞ்சின்கள் மட்டும் போதா என்ற நிலை வந்தது. 1950களின் பிற்பகுதியில் பிராட்கேஜுக்கு டபிள்யூ.டி.எம். 1 என்னும் ஆல்கோ எஞ்சின்கள் 100 வந்திறங்கின. 1960களின் தொடக்கத்தில் பிராட்கேஜுக்கு டபிள்யூ.டி.எம். 2 வகையும், மீட்டர் கேஜுக்கு ஒய்.டி.எம். 4 வகையும் வந்தன. வாங்கிக்கொண்டே இருப்பதால் பயனில்லை என்று உணர்ந்த அரசினர், ஆல்கோவின் ஒத்துழைப்போடு வாராணசியில் 1961ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். 1964 ஜனவரியில் அங்கிருந்து முதல் பிராட்கேஜ் எஞ்சின் வெளிவந்தது. 1968ஆம் ஆண்டு முதல் ஒய்.டி.எம். 4 எஞ்சினும் அங்கேயே உருவாகத் தொடங்கிற்று. கனடாவின் மான்ட்ரீல் நகரத் தொழிற்சாலை செய்தனுப்பிய அதே இனத்து எஞ்சின்களுக்கு ஒய்.டி.எம். 4ஏ என்று பெயர்.

1969ஆம் ஆண்டு இக்கதையில் நினைவில் வைக்கத்தக்கது. வொயிட் பாஸ் பாதைக்கு டி.எல். 535இ எஞ்சின்கள் 7 சென்று சேர்ந்தது அவ்வாண்டில்தான். ஆல்கோ நிறுவனம் ரயில் எஞ்சின் தொழிலை மூடிவிட்டதும் அவ்வாண்டில்தான். பெற்றெடுத்த வீடு சாத்தப்பட்டது. ஆனால் கங்கைக் கரையில் வளர்ப்பு வீடு ஒன்று இருந்தது. 251 பொறியை வாராணசித் தொழிலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தனர், திருத்தினர், அயல்நாடுகளுக்கும் அனுப்பினர். 1980களில் வியட்நாமுக்கு இக்குடும்பத்து எஞ்சின்கள் சென்றன. 1990களில் இர்கான் நிறுவனத்தின் வழியாக ஒய்.டி.எம். 4 எஞ்சின்கள் மலேசியாவுக்கு வாடகைக்குப் போயின. ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளர் பலர் வியர்வை சிந்திய மலாயாப் பாதையில் இந்தியாவில் செய்த எஞ்சின் ஓடியது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

இனி நம் பாதைக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் மீட்டர் கேஜ் பாதை, தென்னிந்திய ரயில்வே கம்பெனி, திருவிதாங்கூர் அரசு, சென்னை அரசாங்கம் ஆகிய மூவரின் முயற்சியால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. மலைப் பகுதி 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நாளில் செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. அன்றுவரை ஒரே அரசுக்குள் மலையைக் கடந்த வண்டி, அன்றுமுதல் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் செல்லும் வண்டியாயிற்று. தண்டவாளம் மாறவில்லை, நம் உறவினரும் மாறவில்லை.

திருவனந்தபுரத்திற்கு ரயில் வந்ததும் இப்பாதையின் நீட்சியாகத்தான். கொல்லத்திலிருந்து 1918ஆம் ஆண்டில் நகரின் மேற்கே சாக்கை வரையிலும், 1931ஆம் ஆண்டில் தம்பானூர் வரையிலும் மீட்டர் கேஜ் பாதை வந்தது. சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்ய வந்தவரும், அரசுப் பணிக்கும் படிப்புக்கும் வந்தவரும், கரமனையிலும் கோட்டையிலும் குடியேறியவரும் எத்தனையோ பேர் அவ்வண்டியில் பெட்டி படுக்கையோடு வந்திறங்கியவர்கள். 1976ஆம் ஆண்டில் எர்ணாகுளத்திலிருந்து பிராட்கேஜ் பாதை இந்நகருக்கு வந்தது. மீட்டர் கேஜ் கொல்லத்தோடு நின்றது. 1979 ஏப்ரலில் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பிராட்கேஜ் திறந்த பின், தெற்கத்தி மக்கள் பலர் அவ்வழியை நாடினர். அப்பிராட்கேஜ் பாதையில் ஒய்.டி.எம். 4இன் தமையனாகிய டபிள்யூ.டி.எம். 2, தன் 16 சிலிண்டர்களோடும் 2,600 குதிரைச்சக்தியோடும் நெடுந்தூர வண்டிகளை இழுத்தது.

மலைப்பாதையிலோ மீட்டர் கேஜ் தொடர்ந்தது. புனலூரிலிருந்து செங்கோட்டை வரை ஏறக்குறைய 49 கிலோமீட்டர். தென்மலை, கழுதுருட்டி, ஆரியங்காவு, பகவதிபுரம் என்று வரிசையாக நிலையங்கள். கழுதுருட்டியருகே பதின்மூன்று கண் பாலம். ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்திற்கும் இடையே நீண்ட குகை. ஏற்றத்தின் கடுமையால் வண்டிக்கு முன்னால் ஓர் எஞ்சினும் பின்னால் ஓர் எஞ்சினுமாகப் பூட்டி, ஒன்று இழுக்க மற்றொன்று தள்ள மலையேறுவார்கள். திராட்டிலைத் திறந்தவுடன் கரும்புகை கொப்பளித்து எழுவது ஆல்கோ எஞ்சினின் பிறவிக் குணம். எண்ணெய் முன்னே பாய, வேண்டிய காற்றைத் தரும் டர்போ விசிறி சற்றுப் பின்தங்கி வேகம் பிடிப்பதே அதற்குக் காரணம். இரண்டு புகைத்தூண்கள் காட்டின் மேல் எழுந்தால் வண்டி வருகிறதென்று அறிந்துகொள்ளலாம்.

எஞ்சின் அறையில் இருந்தவர்களுக்கு டீசல் ஒரு புதுவாழ்வைத் தந்தது என்று சொல்வது மிகையாகாது. நீராவிக் காலத்தில் ஃபயர்மேன் என்பவர் அனலின் முன் நின்று மண்வெட்டியால் கரியள்ளிப் போட்டுக்கொண்டே வரவேண்டும். குகைக்குள் நுழைந்தால் புகை முழுவதும் அவர் மூச்சிலே சேரும். டீசல் வந்தபின் அடுப்பும் இல்லை, கரியும் இல்லை. ஃபயர்மேன்களுள் பலர் புதிய பயிற்சி பெற்று டீசல் உதவியாளர் ஆயினர். எனினும் தொல்லை தீர்ந்துவிட்டதென்று எண்ணலாகாது. ஓட்டுநர் அறை ஒய்.டி.எம். 4இல் ஒரு பக்கமாகவே அமைந்தது. எஞ்சினின் நீண்ட மூக்கை முன்னே வைத்து ஓட்டும்போது, பாதையின் ஒரு பகுதி மறைந்துவிடும். வளைவுகள் மிகுந்த மலையில் ஓட்டுநரும் உதவியாளரும் ஆளுக்கொரு பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வரவேண்டியிருந்தது.

கொல்லம் முதல் புனலூர் வரை 2007ஆம் ஆண்டில் மீட்டர் கேஜ் மூடப்பட்டது. 2010 செப்டம்பரில் மலைப்பகுதியிலும் கடைசி வண்டி ஓடி முடிந்தது. பிராட்கேஜ் அமைந்து முழுப்பாதையும் மீண்டும் திறக்க 2018 ஜூன் ஆயிற்று. இப்பொழுது மலைமேல் மின்கம்பியும் வந்துவிட்டது. பயணத்தின் வசதி பெருகியது. அதை நாம் வரவேற்கிறோம். மீட்டர் கேஜ் திரும்பி வரவேண்டும் என்று சொல்பவர் அல்லேம். வாராணசித் தொழிற்சாலையும் 2019ஆம் ஆண்டில் நம் ரயில்வேக்கு டீசல் எஞ்சின் செய்வதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டு, மின்சார எஞ்சின் செய்யும் இடமாயிற்று. பெயரும் 2020ஆம் ஆண்டில் மாறியது. இவையெல்லாம் காலத்தின் போக்கு.

நம் கவலை வேறு. இந்நகரின் வேளி சுற்றுலாக் கிராமத்தில் 2020 நவம்பரில் ஒரு சிறு ரயில் தொடங்கிற்று. சூரிய ஒளியின் மின்சாரத்தால் ஓடும் அழகிய ரயில். நம் குழந்தைகள் விரும்பி ஏறுகிறார்கள். அதன் உருவம் என்ன? செயற்கைப் புகைவிடும் நீராவி எஞ்சின். பழைய ரயிலை நினைவூட்ட வேண்டுமென்றால் எங்கும் நீராவியின் உருவத்தையே கொள்கிறார்கள். கடைகளில் பொம்மை எஞ்சின் கேட்டாலும் பெரும்பாலும் புகைபோக்கி வைத்ததையே எடுத்துத் தருகிறார்கள். ஆகவே குழந்தைகள் மனத்தில் பழைய ரயில் என்றால் நீராவி, இன்றைய ரயில் என்றால் மின்சாரம் என்று பதிகிறது. இரண்டிற்கும் நடுவே அரை நூற்றாண்டு காணாமற் போய்விடுகிறது. அவர்களுடைய பாட்டனும் தந்தையும் வேலை தேடி, கல்வி தேடி, பெண் கொண்டு, பெண் கொடுத்து மலையைக் கடந்த காலத்தில் பெரும்பகுதி அந்த அரை நூற்றாண்டே. அவர்களை ஏற்றி இறக்கியது கவிஞர் பாடாத, ஓவியர் தீட்டாத, பெட்டி போன்ற அந்த டீசல் எஞ்சின்தான்.

அலாஸ்காவின் எஞ்சின் உலகெங்கும் குழந்தைகளின் தோட்டத்தில் ஓடுகிறது. அதன் உடன்பிறப்பாகிய நம் எஞ்சினை நம் வீட்டுப் பிள்ளைக்குக் காட்ட ஒரு மரத்துண்டு உருவமேனும் வேண்டாமா? அதை நாமே செய்துகொள்ளலாகாதா?

இங்கே ஒரு கணக்கு நமக்குத் துணை நிற்கிறது. எல்.ஜி.பி. பொம்மைகளின் தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். அவற்றின் அளவு 22.5இல் ஒரு பங்கு. 45ஐ 22.5ஆல் பெருக்கினால் 1,012.5 மில்லிமீட்டர் வரும். அதாவது, அவ்வளவு முறை மீட்டர் கேஜை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டது. 3 அடிப் பாதையாகிய அலாஸ்காவுக்கு அந்தத் தண்டவாளம் உள்ளபடியே சற்று அகலம் மிகுந்தது. செங்கோட்டை எஞ்சினுக்கோ ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தும்! இதனினும் சிறிதாகச் செய்ய விரும்புவோர் 87இல் ஒரு பங்கு என்னும் எச்.ஓ. அளவைக் கொள்ளலாம், அதில் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் பழக்கத்தில் உள்ளது.

பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் கொடுக்கலாம். நீளம் 22.5இல் ஒரு பங்கு ஆனால், எடையும் அதே பங்குதான் குறையுமா? நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், எடையை 22.5ஆல் மூன்று முறை வகுக்கவேண்டும். 72 டன் எஞ்சின் ஏறக்குறைய 6.3 கிலோ ஆகும். எச்.ஓ. அளவிலோ வெறும் 109 கிராம்! 6 அடி உயர ஓட்டுநர் முதல் அளவில் 8 சென்டிமீட்டர் உயரமும், இரண்டாவதில் 2 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதியான உயரமும் இருப்பார். பள்ளிக்கூடத்தில் கசக்கின்ற முப்படிக் கணக்கு இங்கே இனிப்பதைக் காணலாம்.

மாதிரி செய்யப் புகுவோர் முதலில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த எஞ்சின், எந்த ஆண்டு, எந்த வண்டி என்று தீர்மானிக்காமல் செய்தால் அது வெறும் பெட்டியாகிவிடும். எஞ்சினின் நிறம் காலத்திற்குக் காலம் மாறியது. நம் பக்கத்து எஞ்சின்கள் பலவற்றைப் பேணிய இடம் திருச்சியை அடுத்த பொன்மலை. அதன் அடையாளமாகிய ஜி.ஓ.சி. என்னும் எழுத்துகள் அவற்றின் உடலில் விளங்கின. இத்தகைய நுட்பங்களைப் பழைய புகைப்படங்களிலும், அதைவிட மேலாக, அவ்வெஞ்சினோடு வாழ்ந்தவர்களிடத்திலும் கேட்டறியலாம்.

நேரே பார்க்க விரும்புவோர்க்கும் வழியுண்டு. நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பூண்ட நீராவி எஞ்சின் புகழ் பெற்றது. அனைவரும் அதைப் படமெடுக்கிறார்கள். குன்னூரிலிருந்து உதகை வரை வண்டியை இழுத்துச் செல்வது ஒய்.டி.எம். 4. அடுத்த கோடையில் உதகை செல்லும் அன்பர்கள் குன்னூரில் எஞ்சின் மாறும்போது இறங்கி, பிள்ளைகளை அதன் அருகே அழைத்துச் சென்று, 'நம் வீட்டாரைச் செங்கோட்டை வழியே மலை தாண்டிக் கொண்டுவந்தது இந்த இனந்தான்' என்று சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. ரயில்வேயில் ஓட்டுநராகவும் உதவியாளராகவும் நிலைய அலுவலராகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியோர் நம் சங்கக் குடும்பங்களிலேயே இருப்பர். எந்த வளைவில் எத்தனையாவது நாட்சில் ஓட்டினார்கள், மழைக்காலத்தில் சக்கரம் வழுக்கினால் மணல் தூவி எப்படி ஏறினார்கள், பின் எஞ்சினுக்குக் குழலூதிச் சொன்ன குறிப்புகள் யாவை என்பன அவர்கள் நெஞ்சில் மட்டுமே எழுதப்பட்டவை. எஞ்சின்கள் பழைய இரும்பாக விலைபோனாலும், ஒன்றிரண்டு எங்கேனும் நிற்கும். அந்நினைவுகள் போனால் திரும்பா. பிள்ளைகள் அட்டையும் பசையும் எடுத்துக்கொண்டு அப்பெரியோரின் பக்கத்தில் அமரட்டும். எஞ்சினின் கதவு எங்கே இருந்தது என்று கேட்கத் தொடங்கினால், அக்கதவின் வழியே எத்தனையோ செய்திகள் வெளிவரும். கேட்டவற்றை எழுதி நமக்கு அனுப்பினால், இப்பக்கத்தில் மகிழ்ச்சியோடு இடந்தருவோம்.

அடுத்த மாதம் வேறொரு பொருளோடு சந்திப்போம். வணக்கம்.